மேலே வரும்போது வரும் நோய்: டிகம்ப்ரஷன் நோய் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமானுக்கு விடுமுறையில் போய் முதன்முறையாக ஸ்கூபா கருவியை மாட்டிக்கொள்பவரும், மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்துப் பிழைப்பவரும் ஒரே இயற்பியலுக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். முன்னவருக்குப் பயிற்சியாளர் எல்லாவற்றையும் சொல்லித் தருகிறார். பின்னவருக்குப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. இருவரையும் மனதில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

டிகம்ப்ரஷன் நோய் என்றால் என்ன?

அழுத்தம் மிகுந்த இடத்தில் இருந்துவிட்டு, அழுத்தம் குறைந்த இடத்துக்கு விரைவாக வருபவரின் இரத்தத்திலும் திசுக்களிலும் வாயுக் குமிழிகள் உண்டாகின்றன. அவற்றால் வரும் கேடுதான் இந்த நோய். கடலடிக்குச் செல்வோர், அழுத்தக் காற்று நிரப்பிய சுரங்கங்களில் வேலை செய்வோர், மிக உயரத்தில் பறக்கும் விமானிகள், விண்வெளி நடைக்குப் புறப்படும் வீரர்கள் ஆகிய எல்லோருக்கும் இது வரலாம். ஆழத்தில் இருக்கும்வரை எதுவும் தெரியாது என்பதுதான் இதன் சூது.

குமிழி எங்கிருந்து வருகிறது?

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். உடல் அதை எதற்கும் பயன்படுத்துவதில்லை. உள்ளே போனது அப்படியே வெளியே வருகிறது. ஆனால் கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் இருப்பவர் தரையில் உள்ளதைப் போல மூன்று மடங்கு அழுத்தத்தில் காற்றை இழுக்கிறார். அழுத்தம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் அதே விகிதத்தில் கூடும் என்று இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி 1803இலேயே காட்டிவிட்டார். ஆகவே நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்து, இரத்தத்தோடு உடல் முழுவதும் போய்ச் சேர்கிறது. இரத்தம் மிகுதியாகப் பாயும் மூளையும் சிறுநீரகமும் சில நிமிடங்களில் நிறைந்துவிடும். கொழுப்பும் குருத்தெலும்பும் நிறைய மணிக்கணக்கில் ஆகும். தண்ணீரைவிடக் கொழுப்பில் நைட்ரஜன் சுமார் ஐந்து மடங்கு கரையும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டுவடத்தைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

மேலே வரும்போது இந்தக் கணக்கு முழுவதும் பின்னோக்கி ஓட வேண்டும். திசுவிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து நுரையீரலுக்கும், அங்கிருந்து வெளிமூச்சுக்கும் நைட்ரஜன் போக வேண்டும். அதற்கு நேரம் தராமல் ஏறினால், கரைந்திருந்த வாயு இருந்த இடத்திலேயே குமிழியாகிவிடும்.

இதை விளக்க எல்லோரும் சோடா பாட்டிலைத் திறந்து காட்டுவார்கள். அது பாதிதான் சரி. சோடா ஒரே நொடியில் பொங்கி அடங்கிவிடும். உடலில் குமிழிகள் பல மணி நேரம் வளரும், நகரும், ஓரிடத்தில் தங்கும். அதனால்தான் படகில் ஏறும்போது நன்றாக இருந்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு எழும்போது கால் விளங்காமல் விழுகிறார்.

குமிழி என்பது வெறும் காற்றுதானே, அது எப்படி இவ்வளவு கேடு செய்கிறது?

மூன்று வழிகளில். நுண்ணிய இரத்தக் குழாயை அடைத்து, அதற்கு அப்பால் உள்ள திசுவுக்கு ஆக்ஸிஜன் போகாமல் தடுக்கிறது. திசுவுக்குள்ளேயே உண்டானால் நரம்பிழைகளை நசுக்குகிறது, கிழிக்கிறது. மூன்றாவது வழி அதிகம் பேசப்படாதது: இரத்தம் அந்தக் குமிழியை ஓர் அந்நியப் பொருளாகவே பார்க்கிறது. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அதில் ஒட்டுகின்றன, அழற்சி தொடங்குகிறது, இரத்தக் குழாயின் உட்சுவர் சேதமடைந்து நீர் வெளியே கசிகிறது, இரத்தம் கெட்டிப்படுகிறது. குமிழி கரைந்த பிறகும் இந்தக் கலவரம் உடனே அடங்குவதில்லை. சிகிச்சையில் திரவம் கொடுப்பதற்கும், தாமதமாக வந்தவருக்கும் சிகிச்சை தருவதற்கும் இதுவே காரணம்.

உடலின் எந்தெந்தப் பகுதிகளைத் தாக்கும்?

அதிகம் காணப்படுவது மூட்டு வலி. கடலில் இறங்குவோருக்குத் தோள்பட்டையும் முழங்கையும், அழுத்தக் காற்றில் வேலை செய்வோருக்கு முழங்காலும் முதலில் வலிக்கும். மூட்டுக்குள் யாரோ துளையிடுவது போன்ற ஆழமான வலி. தொட்டால் கூடுவதில்லை, வீக்கமோ சிவப்போ பெரும்பாலும் இருக்காது. கனமான சாமானைத் தூக்கியதால் வந்த பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடுபவர்கள் ஏராளம். தைலத்தால் தீங்கில்லை, அதனால் இழக்கும் நேரம்தான் தீங்கு.

தோலில் வெறும் அரிப்பு மட்டும் வந்து போகலாம். ஆனால் வயிறு, முதுகு, தொடைப் பகுதிகளில் பளிங்குக் கல்லில் ஓடும் கோடுகள்போல நீலமும் சிவப்புமாகத் திட்டுகள் தோன்றினால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. அது நரம்பு மண்டலப் பாதிப்புக்கு முன்னோடியாக வருவதுண்டு.

மிகவும் அஞ்ச வேண்டியது தண்டுவடம். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறை கொழுப்பால் ஆனது. ஆகவே அங்கே நைட்ரஜன் நிறையவே தங்குகிறது. தண்டுவடத்தைச் சூழ்ந்த சிரைகளில் இரத்தம் மெதுவாக ஓடுவதால் குமிழிகள் அங்கே எளிதில் தேங்கும். தொடக்கம் பெரும்பாலும் இப்படித்தான்: இடுப்பையோ வயிற்றையோ சுற்றிக் கச்சை கட்டி இறுக்கியது போன்ற வலி. பிறகு பாதங்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரத்துப்போதல். அதன்பின் கால்கள் தளர்கின்றன. சிறுநீர் வரவில்லை என்று ஒருவர் சொன்னால் அதைக் கூச்சத்தோடு விட்டுவிடாதீர்கள். சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகள் செயலிழந்ததற்கான அடையாளம் அது. கிரேக்கத்தின் கலிம்னோஸ் தீவில் கடற்பஞ்சு எடுக்கப் போனவர்களிடையே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேலிருந்து குழாய் வழியே காற்று தரும் தலைக்கவச உடை பரவியபோது, ஏராளமான இளைஞர்கள் இப்படித்தான் கால் விளங்காமல் கரை திரும்பினார்கள். கைத்தடியை ஊன்றி, நடுங்கும் கால்களோடு தடுமாறும் முக்குளிப்பவனை நடித்துக் காட்டும் நடனம் ஒன்று அந்தத் தீவில் இன்றும் ஆடப்படுகிறது. ஒரு தொழில்நோய் ஊர் நடனமாகும் அளவுக்கு அங்கே வீடுதோறும் புகுந்திருந்தது.

உட்செவியைத் தாக்கினால் தலை சுற்றல், வாந்தி, காதில் இரைச்சல். இதைக் கடல் மயக்கம் என்று தவறாக எண்ணுவது மிக எளிது. மூளையைத் தாக்கினால் பார்வை மங்கல், பேச்சுக் குழறல், குழப்பம், காரணமில்லாத கடும் சோர்வு. நுரையீரலுக்குப் பெருந்திரளாகக் குமிழிகள் வந்து சேர்ந்தால் நெஞ்சு எரிச்சல், விடாத வறட்டு இருமல், மூச்சுத் திணறல். இது அரிது, ஆனால் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது.

எவ்வளவு நேரத்தில் அறிகுறி தெரியும்?

பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மேலே வந்த ஒரு மணி நேரத்துக்குள், பெரும்பாலோருக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஒரு நாள் கழித்துத் தோன்றுவதும் உண்டு. அதற்குள் விமானம் ஏறியவர்களுக்கு அது கூடுதலாக நடக்கிறது. பொதுவாக, சீக்கிரம் தோன்றும் அறிகுறி மோசமாகும் வாய்ப்பு அதிகம்.

கடலுக்கே போகாத பாலத் தொழிலாளர்களுக்கு இது எப்படி வந்தது?

இந்த நோயை மருத்துவம் முதலில் அறிந்துகொண்டதே அவர்களிடமிருந்துதான். 19ஆம் நூற்றாண்டில் ஆற்றுக்குள் தூண் நிறுத்த, அடிப்பக்கம் திறந்த பெரிய பெட்டியைப் படுகையில் இறக்குவார்கள். அதற்குக் கேசான் என்று பெயர். தண்ணீர் உள்ளே புகாதபடி அழுத்தக் காற்றை அடைத்து, அதற்குள் நின்று ஆட்கள் மண்ணைத் தோண்டுவார்கள். பிரான்சில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் இந்த முறையைக் கையாண்ட பொறியாளர் டிரிஜே, வெளியே வந்த தொழிலாளர்களின் மூட்டு வலியை 1841இல் பதிவு செய்தார். போல், வாட்டெல் என்ற பெயருடைய இரு பிரெஞ்சு மருத்துவர்கள் 1854இல், வெளியே வரும்போதுதான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதினார்கள். மறுபடி அழுத்தத்துக்குள் அனுப்பினால் வலி தணிகிறது என்பதையும் அவர்கள் கவனித்தார்கள். நோயின் காரணமும் மருந்தும் அந்த இரண்டு கவனிப்புகளிலேயே இருந்தன; ஆனால் கேட்பதற்கு ஆளில்லை.

விளைவு அமெரிக்காவில் தெரிந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின்மேல் பாலம் கட்டியபோது பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களைக் கவனித்த மருத்துவர் ஜாமினே, தாமே உள்ளே இறங்கி, சில நிமிடங்களில் வெளியே வந்து, முடங்கி விழுந்து, பிறகு தேறினார். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் 110 பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டதாகக் கணக்கிட்டார். அந்தப் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் இந்த நோயால் வீழ்ந்தார். வீட்டிலிருந்தபடி அவர் சொல்வதை மனைவி எமிலி வேலையிடத்துக்கு எடுத்துச் சென்று, 1883இல் பாலம் திறக்கும்வரை பணியை நடத்தினார்.

குமிழிகள் நைட்ரஜனால் ஆனவை என்பதை 1878இல் பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் நிறுவினார். அதற்குப் பிறகுதான், நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டிய இடத்தில், எர்னஸ்ட் மாய்ர் என்ற பொறியாளர் நோயுற்றவர்களை மறுபடி அழுத்தத்துக்கு உட்படுத்த ஓர் இரும்பு அறையை வைத்தார். சாவுகள் சட்டென்று குறைந்தன. மருத்துவர்கள் தயங்கிய இடத்தில் ஒரு பொறியாளர் துணிந்தார் என்றுதான் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிறுத்தி நிறுத்தி ஏறும் முறையை யார் கண்டுபிடித்தார்கள்?

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜே. எஸ். ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக அவர் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்தார். வலி வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே அது வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. மொத்த அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கும்வரை ஆபத்து குறைவு, அதற்குப் பிறகு படிப்படியாக நிறுத்தி ஏற வேண்டும் என்ற அவருடைய அட்டவணைகள் 1908இல் வெளிவந்தன. இன்று கையில் கட்டும் முக்குளிப்புக் கணினிகள் பலவற்றுக்கும் அந்தக் கணக்கே மூதாதை. இப்போதைய பொழுதுபோக்கு முக்குளிப்பில் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, 5 மீட்டர் ஆழத்தில் 3 முதல் 5 நிமிடம் நிற்க வேண்டும் என்பது பொது விதி.

விதிகளைக் கடைப்பிடித்தாலும் வருமா?

வரலாம். பொழுதுபோக்கு முக்குளிப்பில் பத்தாயிரத்துக்கு இரண்டு முதல் நான்கு என்ற அளவில்தான் இந்த நோய் சொல்லப்படுகிறது. ஆனால் அவர்களில் பலர் எந்த விதியையும் மீறாதவர்கள். மேலே வந்த பலருடைய சிரைகளில் எந்த அறிகுறியும் இல்லாமலே குமிழிகள் ஓடுவதை, ஒலியலையால் இரத்த ஓட்டத்தை அறியும் டாப்ளர் கருவி காட்டுகிறது. நுரையீரல் அவற்றை வடிகட்டிவிடும். ஆனால் சுமார் நான்கில் ஒருவருக்கு இதயத்தின் வலது, இடது மேலறைகளுக்கு நடுவே, கருவில் இருந்தபோது திறந்திருந்த சிறு வழி முழுமையாக மூடியிருக்காது. அந்த வழியே குமிழி வடிகட்டியைத் தாண்டித் தமனிக்குள் நுழைந்துவிட முடியும். மேலே வந்ததும் கனமான சிலிண்டரைத் தம் பிடித்துத் தூக்குவது அந்தக் கதவை இன்னும் திறந்துவிடும். நீர் வறட்சி, ஆழத்தில் கடும் உழைப்பு, ஏறும்போது குளிர், ஒரே நாளில் பல முறை இறங்குவது ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

எனவே, எல்லாம் சரியாகத்தான் செய்தேன், எனக்கு வராது என்பது மருத்துவரிடம் போகாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது.

மூச்சடக்கி இறங்குபவர்களுக்கு வருமா?

ஒரு முறை மூச்சடக்கி இறங்கி ஏறினால் கிட்டத்தட்ட வராது. கொண்டுபோன காற்று ஒரு நெஞ்சளவுதான். கல்லைப் பிடித்து இறங்கி ஒரு நிமிடத்தில் மேலே வந்த மன்னார் வளைகுடாவின் பழைய முத்துக்குளிப்போருக்கு இது பெரிய அச்சமாக இருந்திருக்காது. ஆனால் ஆழமாகவும் அடிக்கடியும் இறங்கி, இடையில் போதிய ஓய்வு இல்லாவிட்டால் நைட்ரஜன் சிறுகச் சிறுகச் சேரும். பசிபிக்கில் துவாமோட்டு தீவுகளின் முத்துக்குளிப்போர் 30 மீட்டருக்கும் மேல் நாள் முழுவதும் இறங்கி ஏறி, தலை சுற்றலும் பக்கவாதமும் கண்டார்கள். அருகிலுள்ள மங்கரேவா தீவினர் ஒவ்வோர் இறக்கத்துக்கும் நடுவே நீண்ட நேரம் இளைப்பாறினார்கள். அவர்களிடையே இது காணப்படவில்லை.

கம்ப்ரசர் குழாய் வழியே காற்றிழுத்துச் சங்கு குளிப்பவர்களுக்கு ஆபத்து அதிகமா?

மிக அதிகம். படகில் உள்ள கம்ப்ரசர் ஓடும்வரை காற்று வந்துகொண்டே இருக்கும். சிலிண்டரில் காற்று தீர்வது ஒரு தொல்லைதான், ஆனால் அதுவே ஒரு கடிகாரமும்கூட. மேலே வா என்று அது சொல்லும். குழாய்க்கு அந்தப் பேச்சு கிடையாது. ஆழமானி இல்லை, அட்டவணை இல்லை, கிடைக்கும் சங்குக்கு ஏற்பக் கூலி என்றால் ஒருவர் எவ்வளவு நேரம் அடியில் இருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. ஹோண்டுராஸ், நிகராகுவா கரையோரங்களில் சிங்கி இறாலுக்காக இறங்கும் மிஸ்கிட்டோ பழங்குடியினரில் நூற்றுக்கணக்கானோர் முடமானதும், இப்படிப் பிடிக்கும் அளவுக்கு ஏற்பச் சம்பளம் என்ற ஏற்பாட்டில்தான். இலங்கையில் கடலட்டைக்காகச் சிலிண்டரோடு இறங்கும் சுழியோடிகளும் இதே வரிசையில் நிற்கிறார்கள்.

இதில் தொழிலாளியின் கவனக்குறைவை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆழமானியும் நேர அட்டவணையும் படகுக்காரரின் செலவில் இருக்க வேண்டியவை.

இன்னொன்று: சிலிண்டரில் இருப்பது சாதாரணக் காற்றுதான், ஆக்ஸிஜன் அல்ல. தூய ஆக்ஸிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரக்கூடும்.

மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் வெடிக்கும் என்கிறார்களே, அதுவும் இதுதானா?

இல்லை, அது வேறு. அழுத்தக் காற்றை உள்ளே இழுத்தபின் மூச்சை அடக்கி ஏறினால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து திசுவைக் கிழித்து, நேராகத் தமனிக்குள் புகும். ஓரிரு மீட்டர் ஆழத்திலிருந்துகூட இது நேரலாம். மேலே வந்த சில நிமிடங்களில் மயக்கமோ பக்கவாதமோ வரும். முதலுதவியும் அழுத்த அறைச் சிகிச்சையும் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், கரையில் நின்று எது என்று வாதிட வேண்டாம்.

அறிகுறி தெரிந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?

மல்லாந்து படுக்க வையுங்கள். தலையைத் தாழ்த்தும் பழைய முறை கைவிடப்பட்டுவிட்டது. மயக்கமடைந்திருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். முகத்தோடு பொருந்தும் முகமூடி வழியே முடிந்தவரை தூய ஆக்ஸிஜன் கொடுங்கள். நுரையீரலில் நைட்ரஜன் இல்லாமற்போனால் உடலிலிருந்து அது வேகமாக வெளியேறும். அறிகுறி மறைந்தாலும் நிறுத்தாதீர்கள். நினைவோடு இருந்து வாந்தியும் இல்லையென்றால் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மது கூடவே கூடாது. சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடை வலிக்காகக் கொடுக்கக் கூடாது. அது குமிழிக்குள் புகுந்து அதைப் பெரிதாக்கும்.

108ஐ அழைத்ததும் முதலில் சொல்ல வேண்டியது வலி எங்கே என்பதல்ல, இவர் கடலடியிலிருந்து வந்தவர் என்பது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை முறை, எப்போது மேலே வந்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே அனுப்புங்கள். மருத்துவமனையில் யாரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

அழுத்த அறையில் என்ன செய்கிறார்கள்?

18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், அதாவது 2.8 வளிமண்டல அளவில், தூய ஆக்ஸிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். நடுநடுவே சிறிது நேரம் சாதாரணக் காற்று. பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் அட்டவணை 4 மணி 45 நிமிடம் நீள்கிறது. குமிழியை நசுக்குவதே சிகிச்சை என்று பலர் எண்ணுகிறார்கள். 2.8 மடங்கு அழுத்தத்தில் குமிழியின் கன அளவு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகும். ஆனால் விட்டம் சுமார் 30 விழுக்காடுதான் குறையும். பெரிய வேலையைச் செய்வது ஆக்ஸிஜன்தான்: குமிழியிலிருந்து நைட்ரஜனை உறிஞ்சி வெளியேற்றுகிறது, மூச்சுத் திணறும் திசுவுக்கு உயிரூட்டுகிறது, அழற்சியைத் தணிக்கிறது.

புண் ஆற்றுவதற்காக மட்டும் அழுத்த ஆக்ஸிஜன் அறை வைத்திருக்கும் மருத்துவமனைகளில் பல, முக்குளிப்பு அவசரத்தை ஏற்பதில்லை. புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

மறுபடி கடலுக்குள் இறங்கினால் வலி போய்விடும் என்கிறார்களே?

வலி குறைவது உண்மைதான். பால வேலைக்காரர்கள் அதை எப்போதோ கண்டுகொண்டார்கள். ஆனால் சாதாரணக் காற்றோடு இறங்கினால் இன்னும் நைட்ரஜன்தான் ஏறும். அடியில் கால் செயலிழந்தாலோ மயங்கினாலோ மூழ்கிச் சாக வேண்டியதுதான். தகுந்த ஆக்ஸிஜன் கருவியும் பயிற்சி பெற்ற குழுவும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

எவ்வளவு நேரம் கழித்து விமானம் ஏறலாம்?

ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை அல்லது பல நாள் இறங்கியிருந்தால் 18 மணி நேரம், வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்பட்ட ஆழமான முக்குளிப்பு என்றால் 24 மணி நேரத்துக்கும் மேல். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் உள்ளதுபோல் குறையலாம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேல், ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். காலையில் ராமேஸ்வரம் பக்கம் முக்குளித்துவிட்டு இரவே காரில் கொடைக்கானல் ஏறுவது விமானம் ஏறுவதற்குச் சமம். சுற்றுலாத் திட்டம் போடும்போது மலையை முதலிலும் கடலைப் பின்னாலும் வைத்துக்கொள்ளலாம்.

திமிங்கலங்களுக்கும் ஆமைகளுக்கும் வராதா?

வராது என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள். 2002இல் கடற்படைப் பயிற்சியின்போது கேனரி தீவுகளில் கரையொதுங்கிய அலகுத் திமிங்கலங்களின் திசுக்களில் வாயுக் குமிழிகள் காணப்பட்டன. மீன்வலையில் சிக்கி வேகமாக மேலே இழுக்கப்பட்ட கடலாமைகளும் இந்த நோயோடு வந்தது ஸ்பெயினில் பதிவாகியிருக்கிறது; அழுத்த அறையில் வைத்ததும் அவை தேறின.

முழுவதும் குணமாகுமா? மறுபடி இறங்கலாமா?

மூட்டு வலியோடு நின்றவர்கள் சீக்கிரம் சிகிச்சை பெற்றால் பெரும்பாலும் முழுவதும் குணமடைகிறார்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு நடையிலோ சிறுநீர் கட்டுப்பாட்டிலோ குறை தங்கிவிடும். ஓரிரு நாள் தாமதித்துவிட்டோமே என்று சிகிச்சையைக் கைவிட வேண்டாம். தாமதமாக வந்தவர்களும் தேறியிருக்கிறார்கள்.

மறுபடி இறங்குவதை முக்குளிப்பு மருத்துவம் தெரிந்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வெறும் மூட்டு வலியோடு நோய் நின்றுவிட்டது என்றால் சில வார ஓய்வுக்குப் பின் அனுமதிப்பதுண்டு. நரம்புக் குறை மிஞ்சியிருந்தால் பொதுவாக அனுமதிப்பதில்லை. பல ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு இடுப்பு, தோள் எலும்புகளின் தலைப்பகுதி இரத்தம் போகாமல் மடிந்து, மூட்டே சரிந்துவிடும் நோய் ஒன்றும் உண்டு. நோய் தாக்கியதே நினைவில் இல்லாதவருக்கும் அது வரும். தொடக்கத்தில் வலிக்காது, எக்ஸ்-ரேயிலும் பல மாதங்கள் கழித்தே தெரியும். ஆகவே சங்கு குளிப்பதை விட்டு வேறு தொழிலுக்குப் போனவருக்கும், நடக்கும்போது தொடையிடுக்கில் வலி வந்தால், தம் பழைய தொழிலை மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தேவை இருக்கிறது.